ஏழு சதவீதம் கூட்டிப் போடு

போன மே மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் 'டப்' என்று வெடித்து இருண்டது. விடியும் வரை மின்சாரம் இல்லை. எதிர்வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி ஆக்சிஜன் இயந்திரத்தின் துணையில் இருக்கிறார். அவருடைய மகன் சிலிண்டருக்கு அலைந்ததைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் ஆபீசைத் திட்டாதவர் தெருவில் இல்லை. நானும் திட்டினேன். பிறகு உள்ளே போய் டார்ச் வெளிச்சத்தில் என் மின் கட்டணச் சீட்டைப் பார்த்தேன். அனுமதிக்கப்பட்ட மின்சுமை, ஒரு கிலோவாட். என் வீட்டில் இரண்டு ஏ.சி. ஓடுகிறது.

நண்பர்களே, இந்த விஷயத்தில் எனக்குப் பழைய பாவம் ஒன்றும் உண்டு. நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் ஒரு படிவம் வரும். அடுத்த ஐந்து ஆண்டில் எத்தனை வீட்டு இணைப்பு, எத்தனை பம்புசெட், எத்தனை தொழிற்சாலை என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். மேலதிகாரி என்னை "முசியே" என்றுதான் கூப்பிடுவார்; பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்ற கிண்டல். "போன வருஷத்துக்கு மேல ஏழு சதவீதம் கூட்டிப் போடுங்க, முசியே. கேட்டா நான் பாத்துக்கறேன்." கூட்டிப் போட்டேன். ஒரு கிராமத்துக்கும் போய்ப் பார்த்ததில்லை. இன்னொரு வேடிக்கை: பிரெஞ்சுக்காரர்கள் 1 எழுதினால் தலையில் நீண்ட கொடி பறக்கும். என் கையெழுத்தும் அப்படியே. தட்டச்சு செய்பவர் என் 1-களில் சிலவற்றை 7 என்று அடித்து அனுப்பிவிட்டார். அதைப் பற்றி எந்த மேலிடமும் கேட்கவில்லை.

மத்திய மின்சார ஆணையம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதற்கும் தேவைக் கணிப்பு வெளியிடுகிறது. அதன் அடித்தளம் இப்படிப்பட்ட படிவங்கள்தாம். இணைப்புகளின் எண்ணிக்கையை ஓர் இணைப்பு செலவிடும் யூனிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கம்பியில் வீணாவதையும் சேர்ப்பார்கள். ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஒரு தொகை வரும். ஆனால் மின்நிலையம் கட்ட அந்தத் தொகை போதாது. எந்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் போடுவார்கள் என்று தெரிய வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு வட்டாரம் ஆண்டுக்கு 100 கோடி யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 114 மெகாவாட். பயன்பாடு ஓரளவு சீராக இருந்து சுமைக் காரணி 70 சதவீதமானால் உச்சத் தேவை 163 மெகாவாட். அதே யூனிட், ஆனால் எல்லோரும் இரவில் சேர்ந்து ஏ.சி. போட்டுச் சுமைக் காரணி 60 ஆகிவிட்டால் உச்சம் 190. வித்தியாசம் 27 மெகாவாட். நம் காரைக்கால் எரிவாயு மின்நிலையத்தின் மொத்தத் திறனே 32.5 மெகாவாட்தான்! ஒரு சதவீதக் கட்டத்தைச் சோம்பலாக நிரப்பினால் கிட்டத்தட்ட ஒரு மின்நிலையமே கணக்கில் காணாமல் போகிறது.

கூட்டிப் போட்டாலும் ஆபத்துதான். 18-ஆவது கணிப்பு 2016-17-இல் நாட்டின் உச்சத் தேவை ஏறக்குறைய 2 லட்சம் மெகாவாட்டைத் தொடும் என்றது. வந்தது சுமார் 1,59,500. அந்த நம்பிக்கையில் கட்டிய அனல் நிலையங்கள் என்ன ஆயின? 2018-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, சுமார் 40,000 மெகாவாட் திறனுள்ள 34 நிலையங்கள் கடனில் தத்தளிப்பதாகச் சொன்னது. வங்கியில் போட்டு வைத்த நம் பணமும் அந்தக் கடனில் இருந்திருக்கும்.

பிரான்சு கதை வேறு மாதிரி. 1974-இல் பிரதமர் மெஸ்மேர் அணுமின் திட்டத்தை அறிவித்தபோது, மின் தேவை பத்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பது அங்கே வேதவாக்கு. அப்படி ஆகவில்லை. மிஞ்சிய மின்சாரத்தை என்ன செய்வது? வீட்டைச் சூடாக்கவும் மின்சாரமே போதும் என்று மக்களைப் பழக்கினார்கள். பாரிசுக்கு வெளியே இருக்கும் என் மைத்துனர் வீட்டிலும் சுவருக்குச் சுவர் மின் அடுப்பு. விளைவு, குளிர்காலத்தில் ஒரு டிகிரி குறைந்தால் 2,000 மெகாவாட்டுக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2012 பிப்ரவரி 8 மாலை 7 மணிக்கு 1,02,000 மெகாவாட்டைத் தாண்டியது. கணிப்பு தப்பினால், அந்தத் தப்பை மெய்யாக்க மக்களின் பழக்கத்தையே மாற்றிவிடுகிறார்கள்.

நம் புதுச்சேரிக்கு வருவோம். காரைக்கால் நிலையத்தை விட்டால் நமக்கென்று சொல்லும்படி உற்பத்தி கிடையாது. நெய்வேலி, கல்பாக்கம், ராமகுண்டம் என்று மத்திய நிலையங்களில் நமக்குள்ள பங்கில்தான் பிழைக்கிறோம். 2012-இல் கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பக்கம் பல மணி நேரம் இருட்டு, நம் பக்கம் வெளிச்சம். அதை நம் சாமர்த்தியம் என்று பெருமை பேசினோம். என்ன சாமர்த்தியம்? பங்கு ஒதுக்கியவர் கையெழுத்து.

இதற்கிடையே ஊரின் சுமையே உருமாறிவிட்டது. பஞ்சாலைச் சங்கு கேட்டு எழுந்த தலைமுறை நாம். ஆலைகள் நின்றுவிட்டன. பகலெல்லாம் சீராக இழுத்த சுமை போய், இரவு பத்து மணிக்குப் படுக்கையறையில் இழுக்கும் சுமை வந்திருக்கிறது. மொட்டைமாடியில் சூரியத் தகடு போடுங்கள் என்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்தப் பத்து மணிக்குச் சூரியன் எங்கே?

என் கருத்து இதுதான். மாநிலத்துக்கு ஓர் எண் என்று போடாமல், ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் இரவு பத்து மணி அளவைக் குறித்து, தெருத் தெருவாகக் கீழிருந்து கூட்ட வேண்டும். மீட்டர் இருக்கிறது, கணினி இருக்கிறது, எங்கள் காலத்து ஏழு சதவீதத்துக்கு இனி சாக்குக் கிடையாது. புதுக் கணிப்பு வெளியிடும்போது பழையது எவ்வளவு தப்பியது என்பதையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். நாமும் ஏ.சி. வாங்கிய அன்றே மின்சுமையைத் திருத்தி எழுதித் தர வேண்டும். கட்டணம் கூடும் என்று மறைக்கிறோம், எனக்குத் தெரியும். நானே பதினொரு வருடம் மறைத்தவன்.

திங்கட்கிழமை போய் விண்ணப்பம் கொடுத்தேன், நான்கு கிலோவாட் என்று. கவுண்டரில் இருந்த பெண், "யாரும் கேக்கலையே ஐயா, நீங்களா எதுக்குக் கூட்டிக்கிறீங்க?" என்றாள். 4-ஐ அவளுக்குப் புரியும்படி தெளிவாக எழுதியிருக்கிறேனா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.