காட்டு முகாமும் மூடநம்பிக்கையும்

பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப்போய் நாலு நாள் முகாம் வைப்பதால் என்ன லாபம், வீடு திரும்பியதும் மறந்துபோகாதா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதேயாகும். ஆனால் அதற்குப் பதிலை ஊகத்தில் தேட வேண்டியதில்லை.

சென்னைக் கடற்கரையில் 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியவர்கள் இராத்திரியில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடிக் காத்துவந்தார்கள். அதில் சேர்ந்த சதீஷ் பாஸ்கர் என்னும் மாணவர் பிற்காலத்தில் லட்சத்தீவு, அந்தமான் கரைகளையெல்லாம் ஆமைக்காகக் கால்நடையாய் ஆராய்ந்தார். 1988-இல் மாணவர்களே கூடி இவ்வேலைக்கு ஒரு சங்கம் கண்டார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பிற்பாடு கடலாமை ஆராய்ச்சியில் பேர்பெற்ற பேராசிரியரானார். ஏற்கனவே ஆசையுள்ளவர்கள்தானே போனார்கள் என்பீர்களானால், இருக்கட்டும். விதை இருந்தால் மட்டும் போதுமா, ஈரம் வேண்டாமா?

நிற்க, அவர்களை மாற்றியது ஒருநாள் வேடிக்கையல்ல. இரவுதோறும் நடந்து, முட்டையை எண்ணி, வேறிடத்தில் புதைத்து, குஞ்சைக் கடலில் விட்ட வேலைதான் மாற்றியது. ஆமையை அவதாரமென்று கும்பிடுவதும், அதே ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பதும் நம் மக்களே அல்லவா? தன் கையால் ஆமையைத் தூக்கிய பிள்ளை இவ்விரண்டு புரட்டையும் ஒருங்கே விட்டுவிடுகிறது.

பாம்பு விஷயமோ உயிர் விஷயம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் மாண்டதாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். புற்றுக்குப் பால் வார்க்கிறோம். கடித்தால் மந்திரிப்பவனிடம் ஓடுகிறோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இவற்றின் விஷத்துக்கு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதை முகாமில் கற்ற ஒரு பிள்ளை, பத்து வருஷத்துக்குப் பிறகு ஓர் உயிரைக் காப்பாற்றினால் அது போதாதா?

ஆனால் இந்த முகாம்களுக்குப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் கட்டணம் கட்டக்கூடிய பட்டணத்துப் பிள்ளைகளே. ஏற்காட்டு மலையிலுள்ள செம்மநத்தம் போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டெருமையும் பாம்பும் வேடிக்கைப் பொருளல்ல, தினசரி வாழ்க்கை. அவர்களை விட்டுவிட்டு மலையைக் காப்பதென்பது, வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டு வீட்டுக்குக் காவல் போடுவதாகும்.

இருளர்களைப் படிப்பில்லாதவர்கள் என்று ஒதுக்கிய நாட்டில், 1978-இல் ஏற்பட்ட அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் விஷத்திலிருந்துதான் கடிக்கு மருந்து தயாராகிறது. அப்படியிருக்க, மலையாளி மக்களின் முதியவர்களைச் சம்பளம் கொடுத்து முகாமுக்கு ஆசிரியர்களாக வைத்தால் என்ன குறைந்துவிடும்? அவர்கள் சொல்வதையும் பிள்ளைகள் சோதித்தே ஏற்கட்டும்.

ஆகவே சர்க்கார் முகாம்களை இலவசமாக்க வேண்டும். மலைப் பிள்ளைகளை முதலில் சேர்க்க வேண்டும். ஒருமுறை கூட்டிப்போய் சர்ட்டிபிகேட் கொடுத்து அனுப்பாமல் வருஷந்தோறும் அழைக்க வேண்டும். யார் சொன்னாலும் கண்ணால் பார்த்து, ஏன் என்று கேட்கும் பழக்கம் பதினைந்து வயதில் ஏறிவிட்டால், பிறகு அதை எந்தப் பூசாரியாலும் இறக்க முடியாது.