ஆயாவின் இருமலை யாரிடம் சொல்வது?



2025-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் எச்.எம்.பி.வி. என்ற வைரஸ் பற்றிய செய்தி நம் வீட்டுத் தொலைக்காட்சிகளை நிறைத்தது. சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் அது இருப்பதாக அறிவிக்கப்பட்டதும் கொரோனா காலத்து அச்சம் மீண்டும் எட்டிப் பார்த்தது. அது 2001-இலேயே கண்டறியப்பட்ட பழைய கிருமிதான் என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். சில வாரங்களில் பேச்சு அடங்கியது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமி ஆர்.எஸ்.வி. இதன் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இரண்டு வயதுக்குள் ஒரு முறையாவது இந்தக் கிருமிக்கு ஆளாகிவிடுகிறார்கள். வளர்ந்தவர்களுக்குச் சாதாரணச் சளியாக வந்து போகும் இது, வயதானவர்களின் நெஞ்சில் இறங்கினால் நிமோனியாவாக மாறலாம். இதய நோய், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். எச்.எம்.பி.வி. கிருமிக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. ஆர்.எஸ்.வி.க்கோ 2023 முதல் தடுப்பூசி இருக்கிறது.

இதை எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் நின்று சிந்தித்துப் பார்ப்போம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வாழும் மீனவ மக்கள் இவர்கள். சுற்றிலும் அனல்மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் துறைமுகமும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய்க் கழிவு இந்த முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, அருகிலுள்ள பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத்திணறலுடன் மக்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். புகையும் சாம்பலும் ஆர்.எஸ்.வி.யை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே களைத்துப்போன நுரையீரலில் அந்தக் கிருமி எளிதாகக் காலூன்றும்.

நம் குப்பங்களில் அம்மா கூடையோடு மீன் விற்கப் போனால் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் ஆயாதான். பிள்ளையின் மூக்குச்சளியைத் துடைப்பதும், மடியில் தூங்க வைப்பதும் அவரே. பிள்ளைக்கு இரண்டு நாளில் சரியாகிவிடும். பிறகு ஆயா இருமத் தொடங்குவார். "வயசானா இருமல் வரத்தான் செய்யும்" என்று நாமும் விட்டுவிடுவோம். வந்தது என்ன கிருமி என்று பரிசோதிக்கப்படாமலே பல முதியவர்களின் கதை முடிந்துவிடுகிறது.

இது வெளிநாட்டு நோய் என்று யாரும் எண்ண வேண்டாம். 2018 முதல் 2020 வரை சென்னை, புனே, கொல்கத்தா, டில்லிக்கு அருகிலுள்ள பல்லப்கர் ஆகிய நான்கு இடங்களில், 60 வயதைக் கடந்தவர்களை வீடு தேடிச் சென்று கவனித்த ஆய்வு ஒன்று நடந்தது. நம் முதியவர்களிடமும் ஆர்.எஸ்.வி. இருப்பதை அது உறுதி செய்தது.

தடுப்பூசி எந்த அளவு காக்கும்? 60 வயதைக் கடந்த சுமார் 25,000 பேரிடம் நடந்த ஆய்வில், முதல் பருவத்தில் நுரையீரல் வரை இறங்கும் நோயை ஒரே ஊசி 82 விழுக்காட்டுக்கு மேல் தடுத்தது. மிக அரிதாக, நரம்புகளைத் தளர்த்தும் கில்லன்-பாரே நோய் வரலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஆகவே மருத்துவரிடம் கேட்டே போட்டுக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 2024 செப்டம்பர் 1 முதல், 75 வயது நிறைவடைகிறவர்களுக்கும் 79 வயது வரை உள்ளவர்களுக்கும் அரசே இதை இலவசமாகப் போடத் தொடங்கியது.

நம் நாட்டின் தேசியத் தடுப்பூசித் திட்டமோ குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் உரியது. அதனால் போலியோவை வென்றோம். 2011 சனவரி 13-க்குப் பிறகு இந்தியாவில் காட்டுவகைப் போலியோ எவரையும் முடக்கவில்லை. ஆனால் முதியோருக்கான ஆர்.எஸ்.வி. ஊசி அத்திட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் அறிமுகமானபோது ஓர் ஊசியின் விலை 280 டாலர், அதாவது இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில், ஓர் ஊசிக்கு ஒன்றரை ஆண்டுத் தொகையும் போதாது. காசுள்ளவரின் மூச்சுக்கு ஒரு பாதுகாப்பு, இல்லாதவரின் மூச்சுக்கு வேறொன்று என்பது நீதியா?

முடியாது என்று அரசு சொல்லவும் இயலாது. 2021 மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கு கொரோனா தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில், தடுப்பூசி போட்டுக்கொள்வது அன்பின் செயல் என்று திருத்தந்தை பிரான்சிஸ் உலகுக்குச் சொன்னார். அவரே 2025 பிப்ரவரியில், தம் 88-ஆம் வயதில், பல கிருமிகளின் தாக்குதலால் இரு நுரையீரல்களிலும் நிமோனியா கண்டு 38 நாள்கள் மருத்துவமனையில் இருந்தார். சிறந்த மருத்துவர்கள் சூழ்ந்திருந்தவருக்கே அத்தனை நாள் போராட்டம் என்றால், குப்பத்து முதியவருக்கு எப்படி இருக்கும்?

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு மீனவர் வீடு வருகிறது. சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். வீட்டார் முதலில் செய்தது என்ன? அவரைப் பற்றி இயேசுவிடம் சொன்னார்கள். வயதானவருக்குக் காய்ச்சல் வருவது இயல்புதானே என்று மறைக்கவில்லை. இயேசு அருகே வந்து கையைப் பிடித்துத் தூக்கினார். இராயப்பரின் பெயரைத் தாங்கிய இராயபுரமும், அதன் வடக்கே எண்ணூர் வரை நீளும் குப்பங்களும் மறக்கக் கூடாத காட்சி இது.

நாமும் சொல்லத் தொடங்குவோம். முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வோரும், வின்சென்ட் தே பவுல் சபையினரும், மரியாயின் சேனையினரும் முதியவரின் இருமலையும் கேட்டு வரட்டும். மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, பேச்சு தடுமாறினாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். சளி பிடித்த பிள்ளையை ஆயாவின் மடியிலிருந்து சில நாள்கள் விலக்கி வைப்போம். கைகளைச் சோப்பால் கழுவுவோம். ஆர்.எஸ்.வி. ஊசியைப் பற்றி மருத்துவரிடம் வாய் திறந்து கேட்போம். முதியோருக்கு இதை இலவசமாகத் தர வேண்டும் என்று அன்பியங்கள் கையெழுத்திட்டு, கிராம சபை வழியாகவோ மாமன்ற உறுப்பினர் வழியாகவோ அரசுக்கு மனு அனுப்பட்டும்.

தாய் தந்தையை மதித்து நட என்ற கட்டளைக்கு வயது வரம்பு இல்லை. நம்மை வளர்த்தவர்கள் நிம்மதியாய் மூச்சு விடுவதற்கு உழைப்பதும் அக்கட்டளையைக் கடைப்பிடிப்பதே. மீனவர் வீட்டு மூதாட்டியின் கையைப் பிடித்த ஆண்டவர் நம் கைகளையும் அதற்குப் பயன்படுத்துவாராக.