சாலையில் வேண்டாம், மைதானத்தில் ஓட்டட்டும்!

திருவொற்றியூர் என்றதும் பக்தர்களுக்கு வடிவுடை அம்மன் கோவில் நினைவுக்கு வரும். மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்கோ "புல்லட்" நினைவுக்கு வரும்.

1955-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியும், மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் கைகோத்தன. "என்பீல்டு இந்தியா" பிறந்தது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் புல்லட் உருவாயிற்று. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் திருவொற்றியூர் புல்லட் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது!

அதே திருவொற்றியூரில் 1946-ம் ஆண்டு மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு கொட்டகையில் தொழில் தொடங்கினார். என்ன தொழில் தெரியுமா? குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன்! அதுதான் வளர்ந்து எம்.ஆர்.எப். ஆயிற்று. 1961-ல் அமெரிக்க மான்ஸ்பீல்டு கம்பெனியின் துணையோடு டயர் தொழிலில் இறங்கியது.

மோட்டார் சைக்கிளும், அதற்கு மாட்டும் டயரும் ஒரே ஊரில் உருவாயின. பக்கத்து எண்ணூரில் அசோக் லேலண்டு லாரி உருவாயிற்று. இப்படிப்பட்ட வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? அப்பா பிட்டர், மாமா வெல்டர், அண்ணன் மெக்கானிக். பேச்செல்லாம் வண்டிதான்.

அந்த ஆசை நல்ல ஆசை. ஆனால் அது போகும் வழி நல்ல வழியா? அதைப் பற்றித்தான் இன்று பேசவேண்டும்.

இது என்ன புது விளையாட்டு?

"சூப்பர்மோட்டோ" என்ற சொல்லை வாலிபர்கள் இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். பெற்றோருக்கு அது புரிவதில்லை.

விஷயம் எளிது. மேடு பள்ளத்திலும், மண்ணிலும் ஓட்டுவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் "டர்ட் பைக்". உயரமாக இருக்கும். முன்சக்கரம் பெரிது. டயரில் கட்டை கட்டையாகப் பற்கள் இருக்கும். அந்த வண்டியின் பெரிய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, தார் ரோட்டில் ஓடும் சிறிய சக்கரங்களை மாட்டினால் அது சூப்பர்மோட்டோ.

இது பிறந்த கதை சுவையானது. 1979-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கேள்வி எழுந்தது. தார்ப் பாதையில் ஓட்டுகிறவன் கெட்டிக்காரனா? மண் பாதையில் ஓட்டுகிறவன் கெட்டிக்காரனா? ஏ.பி.சி. டெலிவிஷன் கம்பெனி இருவரையும் ஒரே பாதையில் இறக்கியது. கலிபோர்னியாவில் கார்ல்ஸ்பாடு என்ற ஊரில் பந்தயம் நடந்தது. பாதையில் பாதி தார், பாதி மண். பிறகு ஐரோப்பியர் இதைப் பிடித்துக்கொண்டனர். 2002 முதல் உலகப் போட்டி தொடங்கியது.

பாதி தார், பாதி மண்! எண்ணூர் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். கண்டெய்னர் லாரிகள் போய்ப் போய், நம் சாலைகள் அப்படித்தானே இருக்கின்றன!

எதை மாற்றவேண்டும்?

கம்பெனிகளே இந்த வேலையை ஓரளவு செய்து காட்டியிருக்கின்றன. ஹீரோ கம்பெனி 2019-ல் "எக்ஸ்பல்ஸ் 200" என்ற வண்டியை வெளியிட்டது. முன்சக்கரம் 21 அங்குலம். பின்சக்கரம் 18 அங்குலம். அதன் தம்பியாக "200டி" என்ற வண்டியும் வந்தது. அதில் இரண்டு சக்கரமும் 17 அங்குலம். ராயல் என்பீல்டும் இதைப் போலச் செய்தது. 2016-ல் வந்த "ஹிமாலயன்" வண்டியின் முன்சக்கரம் 21 அங்குலம். 2022-ல் வந்த "ஸ்கிராம்" வண்டியில் அதை 19 அங்குலமாகக் குறைத்தார்கள். வண்டியின் உயரத்தையும் சிறிது இறக்கினார்கள்.

சக்கரத்தை மாற்றினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் பார்ப்போம்.

எக்ஸ்பல்ஸ் 200 வண்டியில் 200டி அளவுள்ள சக்கரமும் டயரும் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் முன்பக்கம் சுமார் 5 சென்டிமீட்டர் இறங்கும். பின்பக்கம் 2 சென்டிமீட்டர்கூட இறங்காது. வண்டி மூக்கைக் குனிந்துகொண்டு நிற்கும். கைப்பிடியைச் சற்றே அசைத்தாலும் வெடுக்கென்று திரும்பும். ஆகவே முன்னும் பின்னும் உயரத்தைச் சரிப்படுத்தவேண்டும். இதைச் செய்யாமல் வேகமாக ஓட்டுவது ஆபத்து.

இன்னொரு கணக்கு. பின்சக்கரம் சிறுத்துவிட்டால், ஒரு சுற்றுக்கு அது ஓடும் தூரமும் குறையும். எஞ்சின் அதிகமாகக் கத்தும். பின் ஸ்பிராக்கெட்டில் 40 பல் இருந்தால் 38 பல் உள்ளதைப் போடவேண்டும். கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும்.

சக்கரச் சுழற்சியை எண்ணி வேகம் காட்டும் மீட்டர், சக்கரம் மாறினால் தப்பாகக் காட்டும். சைடு ஸ்டாண்டு நீளமாகிவிடும். நிறுத்திய வண்டி மறுபக்கம் சாயும். ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வண்டியில் இன்னும் கவனம் வேண்டும். அது இரண்டு சக்கரங்களும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுப் பார்த்து வேலை செய்கிறது. அளவு மாறினால் அது குழம்பக்கூடும்.

ஒன்றை மாற்றினால் நான்கு மாறும். இதுதான் பாடம்.

கையில் உள்ள பணம் எங்கே போகவேண்டும்?

வழக்கமாக நடப்பது என்ன? பையன் மெக்கானிக்கிடம் போகிறான்.

"அண்ணே, வண்டியை மாத்திக் குடுக்கணும்."

"என்ன தம்பி மாத்தணும்?"

"முதல்ல சைலன்சர்!"

அங்கேதான் பணம் பாழாகிறது. சத்தம் வேகம் ஆகாது. தெருவில் தூங்கும் குழந்தை எழுந்து அழும், அவ்வளவுதான். குறைந்த பணத்தில் வேலை முடிக்க விரும்புகிறவர்கள் இந்த வரிசையை மனத்தில் வைக்கவேண்டும்.

முதல் ரூபாய் உடம்புக்கு. முகம் முழுவதும் மூடும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கால் முழங்கை காப்பு. இந்த விளையாட்டில் திருப்பத்தில் காலை நீட்டி ஓட்டுவார்கள். செருப்புக் காலோடு இறங்கினால் கால் மிஞ்சாது.

இரண்டாவது ரூபாய் பழைய வண்டியின் நோய்க்கு. சக்கர பேரிங், செயின், தளர்ந்த ஸ்போக்ஸ், தேய்ந்த பிரேக் கட்டை இவற்றை முதலில் சரி செய்யவேண்டும்.

மூன்றாவது ரூபாய் டயருக்கு. சக்கரத்தை மாற்றப் பணம் இல்லையா? இருக்கும் சக்கரத்துக்கே, அதே அளவில், தார் ரோட்டுக்கு ஏற்ற டயரைப் போடலாம். பழகுகிறவனுக்கு ஓராண்டுக்கு இதுவே போதும்.

அதன் பிறகுதான் சக்கரம். புதிய சக்கரம் முழுதாக வாங்கினால் செலவு அதிகம். பழைய ஹப்பை வைத்துக்கொண்டு 17 அங்குல ரிம்மும், அளவான ஸ்போக்ஸும் வாங்கிக் கட்டினால் செலவு குறையும். ஹப்பிலும் ரிம்மிலும் துளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கவேண்டும். இதைக் கைதேர்ந்தவரிடம் கொடுத்தே கட்டவேண்டும்.

கடைசியாக பிரேக்கும், போர்க்கும். தார் டயர் நன்றாகப் பிடிக்கும். ஆகவே முன்பிரேக்கை அழுத்தினால் வண்டியின் மூக்கு அமுங்கும். போர்க் ஆயிலைச் சற்றுக் கெட்டியானதாக மாற்றினால் அது குறையும். பிரேக் ஆயில் புதிதாக இருக்கவேண்டும். பெரிய டிஸ்க் மாட்ட ஆசை இருந்தால், அதற்குரிய தாங்கியையும் சேர்த்தே வாங்கவேண்டும். தாங்கியை வெல்டு வைத்து ஒட்டுப்போடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் கண்ணைத் திறந்து வாங்கவேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2324 என்று இருந்தால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பல ஆண்டு கிடந்த ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், தரையைப் பிடிக்காது. பிரேக் டிஸ்க்கில் எவ்வளவு தேயலாம் என்ற அளவு பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்ததை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. வெல்டு வைத்த ரிம்மும் அப்படியே.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலை முடிந்தது. வண்டி ஜோராக இருக்கிறது. தெருவில் ஓட்டலாமா?

ஓட்டக்கூடாது!

பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும், கம்பெனி குறித்த அமைப்புக்கும் மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. மீறினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. சாலையில் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை போகலாம்.

பெற்றோர்கள் இதையும் தெரிந்துகொள்ளவேண்டும். வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. "பையன் ஆசைப்பட்டான், சாவியைக் கொடுத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே மாற்றிய வண்டி மைதானத்துக்கு மட்டும்தான். அதைக் "குட்டி யானை"யில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அங்கே ஓட்டிவிட்டு, மறுபடியும் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

இங்கேதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி வருகிறது. எந்த மைதானத்துக்கு ஏற்றிக்கொண்டு போவது?

சோழவரம் போனது எங்கே?

ஒரு காலத்தில் இதற்குப் பதில் இருந்தது. வடசென்னைக்குப் பக்கத்திலேயே சோழவரம் இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுதளம் அது. யுத்தம் முடிந்ததும் அங்கே மோட்டார் பந்தயம் நடந்தது. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறப்பதைப் பார்க்க மக்கள் திரண்டார்கள்.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை திறந்தார்கள். நல்ல பாதை, உலகத் தரமான பாதை. ஆனால் அது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிறது. ராயபுரத்திலும் எண்ணூரிலும் உள்ள கூலித் தொழிலாளியின் மகனுக்கு அது எட்டாத தூரம்; எட்டாத செலவு.

மைதானம் எட்டாதபோது பையன் என்ன செய்கிறான்? நள்ளிரவில் சாலைக்குப் போகிறான். எதிரே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வருகிறது. ஓரத்தில் மணல் கிடக்கிறது. தார் டயர் மணலில் ஏறினால் பிடிப்புப் போய்விடும். அந்த நேரத்தில் முன்பிரேக்கைப் பிடித்தவன் விழுவான். மைதானத்தில் விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். சாலையில் விழுந்தால் லாரிச் சக்கரம் காத்திருக்கிறது. மறுநாள் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வரும். வீட்டிலே ஒரு தாயின் அழுகை ஆயுள் முழுவதும் நிற்காது.

அதிகம் கேட்கவில்லை

2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரக் கார் பந்தயம் நடந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் முன்னின்று நடத்தியது. மூன்றரை கிலோமீட்டர் நகரச் சாலையே பந்தயப் பாதை ஆயிற்று. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வடசென்னைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். சூப்பர்மோட்டோவுக்கு நீண்ட பாதையே தேவை இல்லை. சிறுவர் கார் ஓட்டும் "கோ-கார்ட்" பாதை அளவு இடம் போதும். அதில் கொஞ்சம் தார், கொஞ்சம் மண். ஓரத்தில் பழைய லாரி டயர்களை அடுக்கிய தடுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சில மணி நேரம். வாசலில் ஒரு ஆம்புலன்ஸ். ஹெல்மெட்டும் பூட்ஸும் இல்லாதவனை உள்ளே விடாத ஒரு காவலாளி. இவ்வளவுதான்!

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் வட்டாரத்தில் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன, துறைமுகங்கள் இருக்கின்றன. மாநகராட்சியும், விளையாட்டு ஆணையமும், தொழிற்சாலைகளும் சேர்ந்து முயன்றால் இப்படி ஒரு மைதானம் கிடைக்காதா?

இதனால் விளையாட்டு மட்டும் வளராது; தொழிலும் வளரும். ஸ்போக்ஸ் கட்டத் தெரிந்தவன், போர்க் பிரிக்கத் தெரிந்தவன், ஸ்பிராக்கெட் கணக்குப் போடத் தெரிந்தவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். அப்பாவுக்குத் தெரிந்த தொழிலை மகன் விளையாட்டாகவே கற்றுக்கொள்வான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "வண்டி என்று பேசினால் காலை உடைப்பேன்" என்று அதட்டினால் பையன் நிறுத்திவிடமாட்டான். உங்களுக்குத் தெரியாமல் ஓட்டுவான். அவனை உட்காரவைத்துக் கணக்குக் கேளுங்கள். "ஹெல்மெட் எங்கே? டயர் எந்த வருஷத்தது? எங்கே ஓட்டப்போகிறாய்?" இந்த மூன்றுக்கும் சரியான பதில் சொல்கிறவன் கெட்டுப்போகமாட்டான்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் பையன் மட்டும் அல்ல. அதிகாரத்தில் இருப்பவர்களும்தான்.

புல்லட்டும் டயரும் செய்த கைகளின் பிள்ளைகள் கேட்பது பரிசும் அல்ல, பதக்கமும் அல்ல. விழுந்தால் எழுந்திருக்க ஓர் இடம். அதைக் கொடுப்பார்களா?