துடைப்பதற்கு முன்

கணினி நோய்ப்பட்டு முனகத் தொடங்கியதும், "எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவோம்" என்று வீட்டுப் பிள்ளைகள் கூறுதல் இயல்பே. விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்டுவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றமையும் இப்பேச்சுக்கு ஒரு காரணமாயிற்று.

யோசனை நன்றே. 8 ஜிகாபைற் கொள்ளளவுள்ள வெற்றுப் பென்டிரைவ் ஒன்றும், தடையற்ற இணைய இணைப்பும், ஒரு மாலைப்பொழுதும் இருந்தாற் போதும். கடினமானது அதற்கு முந்திய வேலையாம்.

படங்களையும் பாடக் குறிப்புகளையும் எவரும் மறவார். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை மறப்போர் சிலர். தமிழ் இல்லங்களில் மறக்கப்படுவதோ பாமினி எழுத்துரு. யூனிகோட் பரவுமுன் நம்மவருட் பலர் அதிலேயே தட்டெழுதினர். அம்முறையிலே கணினிக்குத் தமிழ் தெரியாது என்பதை மாணவர் கருத்திற் கொள்ளவேண்டும். 'அம்மா' என்று நாம் காணும் சொல், கோப்பினுள்ளே நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்துக் காட்டுவது எழுத்துரு. புதிதாக நிறுவிய விண்டோஸில் பாமினி இராது. பாட்டனாரின் அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டின் மூலப்படி, அதிலுள்ள வம்சாவளியுடன், பொருளற்ற ஆங்கிலக் குவியலாய்த் தோன்றும். கோப்பு பிழைத்தது, வாசிப்பு போயிற்று. இதனை அறியாது, "கெட்டுப்போன கோப்பு" என்று அழித்துவிடுவாரும் உளர்!

ஆதலின் எழுத்துருக் கோப்பினையும் உடன் எடுத்துவைத்தல் வேண்டும். அத்தகைய ஆவணங்களைப் பிடிஎப் வடிவிலும் ஒருமுறை சேமித்துக்கொள்க. எழுத்துருவை அதனுள்ளேயே பதித்துவிடலாம். யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனினும், மாற்றியபின் மூலத்தோடு ஒப்புநோக்காது விடலாகாது. ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோர்க்கு இது புதிய செய்தியன்று. பெயர்களிலும் திகதிகளிலும் ஓரெழுத்துப் பிசகினாலும் பின்வருவோர் எவரிடம் கேட்பர்?

"எல்லாவற்றையும் 'டி' டிரைவில் போட்டிருக்கிறேன்" என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். பல வீட்டுக் கணினிகளில் அது அதே வன்தட்டின் மறுபாதியே. தட்டுப் பழுதானால் இரண்டும் ஒருங்கே போம். பிரதி வேறொரு தட்டில் இருத்தல் வேண்டும்; இன்னொன்று உறவினர் வீட்டிலிருப்பின் மேலும் நன்று.

பிரதி எடுத்தாயிற்றா? அதனைப் பாமினி இல்லாத அயல்வீட்டுக் கணினியிற் செருகி, கல்வெட்டைத் திறந்து, பாட்டனார் பெயர் தமிழில் தெரிகின்றதா என்று பாருங்கள். தெரிந்தபின் வன்தட்டைத் துடைக்கலாம்.