அலாரம் அடிக்கவில்லை... யார் குற்றம்?

ஐப்பசி பிறந்துவிட்டால் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர்கள் அடிக்கடி வானத்தைப் பார்ப்பார்கள். சுற்றிலும் ஏரிகள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றதைத் தாம்பரம் பக்கம் யாரும் மறக்கவில்லை. இப்போது வானத்தோடு சேர்த்து செல்பேசியையும் பார்க்கிறார்கள். மழை எச்சரிக்கைக்கென்று தமிழக அரசே 2024-ல் 'டிஎன் அலர்ட்' என்ற செயலியை வெளியிட்டது.

ஆனால் எச்சரிக்கை சொல்லும் செயலி எதுவானாலும், அது வேலை செய்யக் கையிலிருக்கும் போன் அனுமதிக்க வேண்டும். பல போன்களில் சிக்கல் அங்கேதான்!

ஆண்ட்ராய்டு கூகுள் உருவாக்கியது. போன் கம்பெனிகள் அதன்மேல் தங்கள் பங்குக்கு ஒரு சட்டை மாட்டிவிடுகின்றன. சியோமியில் எம்ஐயுஐ, 2023-க்குப் பிறகு ஹைப்பர்ஓஎஸ். சாம்சங்கில் ஒன் யுஐ. ஓப்போவில் கலர்ஓஎஸ். பெயர், நிறம், ஐகான் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. உள்ளே விதிகளும் மாறுகின்றன என்பதுதான் பிரச்சினை.

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லேயே கூகுள் ஒரு பேட்டரி சிக்கன ஏற்பாட்டைச் செய்தது. மேசைமேல் சும்மா கிடக்கும் போனில் செயலிகள் தூங்கும், அலாரமும் அவசரச் செய்தியும் மட்டும் அவற்றை எழுப்பலாம். கம்பெனிகள் பல இதோடு நிற்கவில்லை. திரையில் இல்லாத செயலியை அடியோடு நிறுத்திவிடுகின்றன. அப்படி நிறுத்தப்பட்ட செயலியை, நீங்களாகத் திறக்கும்வரை வெளியிலிருந்து வரும் செய்திகூட எழுப்ப முடியாது.

"வாட்ஸ்அப் மட்டும் ஒழுங்காக வருகிறதே?" என்று கேட்கலாம். பிரபலமான செயலிகளுக்குப் பல கம்பெனிகள் முன்கூட்டியே விலக்கு கொடுத்துவிடுகின்றன. பாட்டிக்கு மாத்திரை நேரம் சொல்லும் சின்னச் செயலிக்கு அந்தச் சலுகை கிடையாது. மாத்திரை தவறினால் திட்டு யாருக்கு? செயலிக்குத்தான்! ஒற்றை நட்சத்திரம் கொடுத்து அழித்துவிடுகிறோம். எங்கோ இருவர் மூவர் சேர்ந்து எழுதிய செயலி, தான் செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்குகிறது.

சரி, என்னதான் செய்வது? முதலில் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பக்கத்தைத் திறந்து, பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றுங்கள். சியோமியில் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதியும் தர வேண்டும். சாம்சங்கில் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியல்களில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட் வந்தால் மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது. வீட்டுப் பெரியவர்களின் போனையும் சேர்த்து!

ஆனால் இது பாதி மருந்துதான். காசு கொடுத்து வாங்கிய போனில், அலாரம் அடிப்பதற்கு நாலு இடத்தில் அனுமதி தேடி அலைவது என்ன நியாயம்?

பேட்டரி முக்கியம்தானே என்பார்கள். முக்கியம்தான். பின்னணியில் ஓடி சார்ஜைத் தின்னும் செயலிகளும் இருக்கவே செய்கின்றன. அப்படியானால் "இதை நிறுத்தப் போகிறேன், சம்மதமா?" என்று போன் ஒரு வார்த்தை கேட்கட்டுமே. கேட்காமல் நிறுத்திவிட்டு, பேட்டரி இரண்டு நாள் நிற்கும் என்று விளம்பரம் செய்வதில் என்ன பெருமை?

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. செக் நாட்டில் தூக்க அலாரம் செயலி ஒன்றை உருவாக்கியவர்கள், செயலிகளைக் கொல்லும் போன்களை 'டோன்ட் கில் மை ஆப்' என்ற பெயரில் பட்டியலிட்டார்கள். 2019-ல் அதில் முதலிடம் நோக்கியாவுக்கு. ஆம், ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை போன் தயாரித்த அதே பெயர்தான், ஆனால் அப்போது அந்தப் பெயரில் போன் விற்றது எச்எம்டி குளோபல் நிறுவனம். குறைகள் குவிந்ததும், செயலிகளைக் கொன்றுகொண்டிருந்த மென்பொருளை அதே ஆண்டில் அது முடக்கியது. 2023-ல் சாம்சங்கும் கூகுளோடு சேர்ந்து, முறைப்படி எழுதப்பட்ட செயலிகளின் பின்னணிச் சேவைகள் ஒன் யுஐ 6-லிருந்து தடையின்றி ஓடும் என்று உறுதி சொன்னது.

2023 அக்டோபரில் தமிழ்நாட்டுப் போன்கள் திடீரென்று ஒன்றாக அலறியது நினைவிருக்கிறதா? அது கோபுரத்திலிருந்து நேரே வந்த பேரிடர் சோதனைச் செய்தி. செயலியே தேவைப்படவில்லை. வெள்ளத்துக்கு அந்த வழி இருக்கிறது. பாட்டியின் மாத்திரைக்குச் செயலியை விட்டால் வேறு வழி இல்லை.

ஆகவே அடுத்த முறை அலாரம் அடிக்காவிட்டால், செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போடுமுன் போனின் செட்டிங்ஸைப் பாருங்கள். குற்றம் அங்கே இருந்தால், புகாரைப் போன் கம்பெனிக்கு அனுப்புங்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?