கழுத்து நோவுக்கு இரண்டு பனடோல் போதுமா?

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

கடந்த இரண்டு மாதத்தில் ஆறு தடவை பதுளைக்குப் போய் வந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் "சும்மா ஒரு வேலை" என்று சொன்னேன். உண்மையில் தசையை ஆழமாக அழுத்தித் தேய்க்கும் சிகிச்சைக்குத்தான் போனேன். 'மசாஜ்' என்ற சொல்லை எங்கள் ஊரில் ஒரு டீச்சர் வாயால் சொல்ல முடியுமா? அதனால்தான் மறைத்தேன்.

வருடக்கணக்காகக் கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுதியும் குனிந்து கொப்பி திருத்தியும் வலது தோள் இறுகிப்போயிருந்தது. எக்ஸ்ரே பார்த்த டொக்டர், எலும்பில் ஒன்றுமில்லை, தசைதான் என்றார். சிகிச்சை தந்தவர் பிசியோதெரபி படித்த ஒரு பெண். கதவைச் சாத்தி, தோளைத் தவிர மற்றதையெல்லாம் போர்த்திவிட்டுத்தான் தொடங்கினார். முழங்கையைத் தோளில் வைத்து மெதுவாக அழுத்தியபோது "யா அல்லாஹ்" என்று கத்திவிட்டேன். அழுத்தியது தோளில், நொந்தது காதுக்குப் பின்னால்! இறுகிய தசை அப்படி வேறு இடத்திலும் நோகுமாம். அடுத்த நாள் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் கழுத்தைத் திருப்பி, பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்க முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இது மந்திரமில்லை. உடம்பிலுள்ள நஞ்சு வெளியேறும் என்று சிலர் விளம்பரம் செய்வதை நம்ப வேண்டாம். வீட்டில் பயிற்சி செய்யாவிட்டால் நோவு திரும்பி வரும். எலும்பு தேய்ந்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர்கள், கை விறைப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் யாரிடமும் உடம்பைக் கொடுக்கக் கூடாது.

நான் எழுத வந்தது வேறு. நாலாவது நாள் அந்தப் பெண் கேட்டார்: "கொஸ்லந்தப் பக்கம் எவ்வளவு பேர் கொழுந்து பறிக்கிறாங்க, ஒருத்தரும் இங்க வர்றதில்லையே, ஏன் டீச்சர்?"

ஏன் என்று எனக்குத் தெரியும். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. நான் ஒரு தடவைக்குக் கட்டியது 3,000. பஸ் காசு வேறு. போகிற நாளில் பேரும் இல்லை.

என் மாணவி ஒருத்தியின் அம்மா 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்த மண்சரிவில் லயத்தையும் சொந்தக்காரர்களையும் இழந்தவர். இன்னும் கொழுந்துதான் பறிக்கிறார். கூடையின் கயிறு நெற்றிக்கு மேல் இழுக்க, முழுப் பாரமும் கழுத்தில். ஒரு பேருக்கு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு மாறும். குறைந்தால் அரைப் பேர். மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் பாரம், நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கழித்தும் விடுவார்கள். சுமந்த கழுத்துக்கு யார் கழித்துக் கொடுப்பது?

டிஸ்பென்சரிக்குப் போனால் இரண்டு பனடோலும் ஒரு களிம்பும். வீட்டில் சித்தாலேப. "வேற எங்கயும் காட்டலியா அக்கா?" என்று கேட்டேன்.

"மண்ணு சரியும்னு சொன்னப்பவும் எங்க போறதுன்னுதான் இருந்தோம் டீச்சர். இப்ப கழுத்து நோவுக்கு எங்க போறது?"

எனக்கு வாயடைத்துவிட்டது. அந்த மலைக்கு எச்சரிக்கை வராமல் இருக்கவில்லை. போக இடம் கொடுக்கத்தான் ஆளில்லை.

சம்பளத்துக்குப் போராடும் தொழிற்சங்கத் தலைவர்களிடம் கேட்கிறேன். மாதம் ஒரு நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் தோட்டத்துக்கு வந்தால் என்ன? கூடையின் பாரத்தை முதுகுக்கும் தோளுக்கும் பிரித்துக்கொடுக்கும் பட்டியைத் துரைமார் கொடுத்தால் என்ன? ஒரு பெண்ணின் கழுத்து ஐம்பது வயதில் வளையாமல் போவதை 'வேலைக்காரிக்கு வர்றதுதானே' என்று நாங்களும் சொல்லிப் பழகிவிட்டோம். கொப்பி திருத்திய எனக்கே ஆறு தடவை தேவைப்பட்டது.

பதுளை பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபி இலவசம், டொக்டர் எழுதித் தர வேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு அந்த அக்காவைக் கூட்டிப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். அன்றைய பேர் போய்விடுமே என்றுதான் அவருக்குக் கவலை. இன்னும் யாராவது வருவதென்றால் சொல்லுங்கள், காலை முதல் பஸ்ஸில் ஒன்றாகப் போகலாம்.