அனுபவம் இல்லாதவரின் தன்விவரக் குறிப்பு

கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் முதன்முதலாகத் தன்விவரக் குறிப்பு எழுத அமரும்போது, 'முன்அனுபவம்' என்னும் தலைப்பை எட்டியதும் கை நின்றுவிடுகிறது. வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை என்கிறார்கள். பெங்களூரு பிரேசர் டவுனில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கம் சற்று மிகுதி. அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைக்க மாமாவோ பெரியப்பாவோ இந்த ஊரில் பலருக்கு இல்லை.

ஆகவே, கணினியில் கிடைக்கும் ஆயத்த மாதிரி ஒன்றில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகின்றனர். கடின உழைப்பாளி, குழுவுடன் இணைந்து செயல்படுபவர், தலைமைப் பண்பு மிக்கவர் என்னும் தொடர்கள் அதில் தவறாமல் இடம்பெறும். அவற்றைப் பொய் என்று எவராலும் மெய்ப்பிக்க முடியாது. மெய் என்றும் மெய்ப்பிக்க முடியாது. அதனால்தான் அவை பயன்படுவதில்லை. வேறு சிலரோ செய்யாத பயிற்சியையும் செய்ததாக எழுதத் துணிகின்றனர்.

பிரேசர் டவுன் 1910-ஆம் ஆண்டில் உருவான பகுதி. அதற்கு இரண்டு வயது ஆனபோது, சென்னையில் ஓர் இளைஞர் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். அவர் பட்டதாரிகூட அல்லர். கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். பெயர் சீனிவாச ராமானுஜன்.

1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு அவர் எழுதிய அக்கடிதம் சில வரிகளே கொண்டது. மெட்ரிகுலேஷன் தேறியது, எஃப்.ஏ. வரை படித்தது, சூழ்நிலைகளால் படிப்பைத் தொடர முடியாமற் போனது, அதன்பின் தம் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டது, வேலை கிடைத்தால் அதனைச் செம்மையாகச் செய்ய இயலும் என்ற நம்பிக்கை. இவ்வளவுதான். தோற்றதை அவர் விரித்துரைக்கவில்லை, தேறியதாகவும் சொல்லவில்லை. படிப்பு நின்றபின் கழிந்த ஆண்டுகளில் என்ன செய்தார் என்பதை மட்டும் மறைக்காமல் எழுதினார். வெற்றிடம் என்று பிறர் கருதக்கூடிய அந்த ஆண்டுகளே அவருடைய அனுபவம்.

அக்கடிதம் மட்டுமே வேலையைப் பெற்றுத் தந்தது என்று கூறினால் அது பாதி உண்மையே. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய பரிந்துரை உடன் சென்றது. துறைமுக அலுவலகத்தில் பணியாற்றிய நாராயண ஐயரும் கணிதத்தில் ஈடுபாடு உடையவர். ராமானுஜன் மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் வேலையில் சேர்ந்தார்.

பரிந்துரைக்க ஆள் இல்லாதவர் என்ன செய்வார் என்ற வினாவுக்கு அவருடைய அடுத்த கடிதம் விடை தருகிறது. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டிக்கு அவரை முன்பின் தெரியாது. தாம் ஒரு கணக்குப் பிரிவு எழுத்தர் என்றும் பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்றும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, தாம் கண்டறிந்த ஏறத்தாழ 120 தேற்றங்களை உடன் அனுப்பினார். (தம் வயது ஏறத்தாழ 23 என்று அதில் குறிப்பிட்டார்; 1887-இல் பிறந்தவருக்கு அப்போது 25. இன்று சான்றிதழைச் சரிபார்க்கும் அலுவலர் இதனை விடமாட்டார்.) திறமை உண்டு என்று சொல்வதைவிடச் செய்த வேலையைக் காட்டுவது வலுவானது. 1914-இல் அவர் கேம்பிரிட்ஜுக்கே சென்றார்.

எல்லோரும் தேற்றம் கண்டறிபவர் அல்லர். அதற்குத் தேவையும் இல்லை. மாஸ்க் சாலையில் தந்தையின் கடையில் மாலைதோறும் கணக்கு எழுதிய பெண், 'கணக்குப் பதிவில் ஆர்வம்' என்று எழுதுவதைவிட, எத்தனை ஆண்டுகள் எழுதினார், நாளொன்றுக்கு எத்தனை பற்றுச்சீட்டுகள், சரக்கு இருப்பை எவ்வாறு சரிபார்த்தார் என எழுதலாம். தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், எந்த வகுப்பு, என்ன பாடம், எத்தனை பேர் என்பதைக் குறிக்கலாம். அவ்வரியைப் படிக்கும் அதிகாரி மேலும் கேள்வி கேட்க முடிகிறது. கேட்டால் விடையும் இருக்கிறது. குடும்பத் தொழிலில் செய்த வேலை 'வேலை' ஆகாது என்னும் கூச்சத்திற்குக் காரணமே இல்லை.

மொழிகளைப் பற்றிய வரி தனியே கருதத்தக்கது. வீட்டில் தமிழ், பேருந்தில் கன்னடம், கடைத்தெருவில் உருது, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் என வளரும் பிள்ளைகள், 'ஐந்து மொழிகள் அறிவேன்' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகின்றனர். மருத்துவமனை வரவேற்பிலும் வங்கி முகப்பிலும் இவ்வறிவுக்கு மதிப்பு உண்டு. ஆயினும் பேசுவது வேறு, படிப்பது வேறு, எழுதுவது வேறு. நேர்காணலில் ஒரு கன்னடக் கடிதத்தை நீட்டிப் படிக்கச் சொன்னால் ஐந்து மொழிக்காரர் விழிக்க நேரலாம். 'கன்னடம்: சரளமாகப் பேசுவேன், மெதுவாகப் படிப்பேன், எழுதப் பழகவில்லை' என்று எழுதியவரோ அதனை மெதுவாகப் படித்து முடித்திருப்பார்.